கஞ்சி ஆற்றும் வேளையிலும்

“ஜெபிக்கவே நேரம் கிடைப்பதில்லை, டாக்டர்” என்று நோயாளியுடன் தங்கியிருப்போர் வருந்துவதுண்டு.

17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரக் கார்மேல் மடத்தில் வாழ்ந்த சகோதரர் லாரன்ஸ், போரில் காயமுற்றுக் கால் ஊனமடைந்தவர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது விருப்பமில்லாத சமையலறைப் பணி. ஆயினும் ஆலயத்தில் முழந்தாளிடும்போது உணர்ந்த கடவுளின் சந்நிதியைப் பாத்திரங்களின் ஓசைக்கு நடுவிலும் உணர்ந்தார். மனம் சிதறினால், தம்மை நொந்துகொள்ளாமல் மீண்டும் அவரிடம் திரும்பினார்.

நீங்களும் கஞ்சியை ஆற்றும்போதும் படுக்கை விரிப்பை மாற்றும்போதும், ‘ஆண்டவர் இங்கே இருக்கிறார்’ என்று ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள். இது நோய் நீங்குமென்ற வாக்குறுதியன்று, மருந்துக்கு மாற்றுமன்று. நாம் தனித்து விடப்படவில்லை என்னும் உறுதியே இது. களைப்பால் ஜெபிக்காமலே உறங்கிவிட்டால் வருந்த வேண்டா. அவ்வுறக்கமும் அவர் அளித்ததே.