ஒற்றைக்காலில் நின்ற ராஜா



‘ஓ!’ என்று ஆரம்பித்தால் ஏதோ ஆச்சரியப்படுகிறேன் என்று நினைக்காதீங்க. அது ஒருவருடைய குடும்பப் பெயர். முழுப் பெயர் சதஹாரு ஓ. ஜப்பானின் பேஸ்பால் வீரர். ‘ஓ’ என்று எழுதும் எழுத்துக்கு அவர்கள் மொழியில் ‘ராஜா’ என்று அர்த்தம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. பேஸ்பாலில் பந்து தரையில் குத்தாமல் நேராக வரும். அடிக்க வேண்டிய பந்தை மூன்று முறை கோட்டை விட்டால் அவுட். அதற்குப் பெயர் ‘ஸ்ட்ரைக் அவுட்’. வேலிக்கு மேலே தூக்கி அடித்தால் ‘ஹோம் ரன்’. நம்ம சிக்ஸர் மாதிரிதான். ஆனால் சிக்ஸரைவிட ரொம்ப அபூர்வம்.

ஓ 1940-ல் டோக்கியோவில் பிறந்தார். அப்பா சீனாவிலிருந்து வந்து நூடுல்ஸ் கடை நடத்தியவர். அம்மா ஜப்பானியர். 1957-ல் நடந்த தேசியப் பள்ளிகள் போட்டியில் ஓ பந்து வீசினார். விரலில் கொப்புளம் உடைந்து ரத்தம் வந்தது. விடாமல் வீசி, தன் பள்ளிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அதே வருடம் தேசிய விளையாட்டு விழா வந்தது. ‘உனக்கு ஜப்பான் குடியுரிமை இல்லை, நீ ஆடக் கூடாது’ என்று சொல்லிவிட்டார்கள். அந்த வயதில் மனசு எப்படி இருந்திருக்கும்?

1959-ல் யோமியூரி ஜயன்ட்ஸ் என்ற பெரிய அணியில் சேர்ந்தார். பேட்ஸ்மேனாக! முதல் 26 முறை ஒரு ஹிட்கூட இல்லை. 27-வது முறை அடித்தது ஹோம் ரன். ஆனாலும் அந்த வருடம் மட்டும் 72 முறை ஸ்ட்ரைக் அவுட். ‘சான்ஷின் ஓ’ என்று ரசிகர்கள் கத்தினார்கள். ‘ஸ்ட்ரைக் அவுட் ராஜா’ என்று பொருள். அவருடைய பெயரையே கேலியாக்கிவிட்டார்கள். நம்ம வகுப்பில் முட்டை போட்டவனை ‘டக்கு’ என்று கூப்பிடுகிறோமே, அதே கதைதான்.

1962-ல் ஹிரோஷி அரகாவா பயிற்சியாளராக வந்தார். ஓ மட்டையை வீசத் தொடங்குவதே தாமதம் என்று கண்டுபிடித்தார். அதற்கு அவர் சொன்ன வழி வேடிக்கையானது. பந்து வீசுபவர் கையைத் தூக்கும்போதே ஓ வலது காலைத் தூக்கி, கொக்கு மாதிரி இடது காலில் நிற்க வேண்டும். பந்து வரும் நேரம் காலை முன்னால் ஊன்றி அடிக்க வேண்டும். அப்போது உடம்பின் பலம் முழுவதும் மட்டைக்குப் போகும்.

சொல்வது சுலபம். தள்ளாடாமல் நிற்கணுமே! கூரையிலிருந்து காகிதத்தைத் தொங்கவிட்டு, நிஜ வாளால் வெட்டிப் பழகினார். வாள் கொஞ்சம் சாய்ந்தாலும் காகிதம் அறுபடாது, விலகி ஓடிவிடும். பயிற்சி செய்த அறையின் பாய் தேய்ந்தே போனது.

அந்த வருடம் 38 ஹோம் ரன். 1964-ல் 55. ஹிரோஷிமா அணி ஃபீல்டர்களை அவர் அடிக்கும் வலது பக்கத்தில் குவித்துப் பார்த்தது. வேலியைத் தாண்டிப் போகிற பந்தை யார் பிடிப்பது? 1962 முதல் 1974 வரை 13 வருடமும் அவருடைய லீக்கில் அதிக ஹோம் ரன் அடித்தவர் அவரே. 1977 செப்டம்பர் 3-ல் 756-வது ஹோம் ரன் அடித்து, அமெரிக்க வீரர் ஹேங்க் ஆரனின் 755-ஐத் தாண்டினார். ஜப்பான் மைதானங்கள் சிறியவை என்று அமெரிக்காவில் சிலர் வாதாடினார்கள். ஓவும் ஆரனும் சண்டை போடவில்லை. பிறகு இருவரும் சேர்ந்து குழந்தைகளுக்காக பேஸ்பால் விழா நடத்தினார்கள்.

ஆட விடாத அதே நாடு, ‘மக்கள் கௌரவ விருது’ என்று ஒன்றை உருவாக்கி முதலாவதாக அவருக்குத்தான் கொடுத்தது. 1980-ல் ஓய்வு பெற்றபோது மொத்தம் 868. ஜப்பானில் இரண்டாவது இடத்தில் இருக்கும் கட்சுயா நொமுரா அடித்தது 657.

கேலி அதோடு முடியவில்லை. 1996-ல் அவர் மேனேஜராக இருந்த ஹாக்ஸ் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. ரசிகர்கள் அணியின் பஸ் மீது முட்டை வீசினார்கள். அவர் போய்விடவில்லை. 1999-ல் அதே அணி ஜப்பான் சாம்பியன்!

யாராவது பிடிவாதம் பிடித்தால் ‘ஒற்றைக்காலில் நிற்கிறான்’ என்று வீட்டில் திட்டுவாங்க. ஓ நிஜமாகவே நின்றார். ‘ஸ்ட்ரைக் அவுட் ராஜா’ என்று கத்தியவர்கள் பிறகு ‘ஹோம் ரன் ராஜா’ என்றார்கள். பெயர் மாறவில்லை, முன்னால் இருந்த சொல்தான் மாறியது. அடுத்த மேட்சில் யாராவது முட்டை போட்டால், ‘டக்கு’ என்று கூப்பிடும் முன்பு அந்த 26 முறையை நினைத்துப் பாருங்கள். 27-வது பந்து அவனுக்கும் வரும்.