மாசி மகக் கடன்

மாசி பிறந்துவிட்டால் உத்திரமேரூரில் எங்கள் மளிகைக் கடையில் மூட்டை கட்டும் வேலை தொடங்கிவிடும். பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், மஞ்சள், கற்பூரம், கண்ணாடி வளையல் எல்லாவற்றையும் பஸ்ஸின் மேல் ஏற்றி, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போவோம். அப்பா, அம்மா, நான், தங்கை நால்வரும் மாசி மகத்திற்கு முதல் நாளே கடற்கரையில் கடை விரித்துவிடுவோம்.

மகத்தன்று ஸ்தலசயனப் பெருமாள் கடலுக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்பார். அதற்கு வரும் கூட்டம் ஒருபுறம். மறுபுறம் பல ஊர்களிலிருந்தும் வந்து கூடும் இருளர் மக்கள். புடவைகளைக் குச்சிகளில் கட்டிக் கூடாரம் போட்டு இரவெல்லாம் மணலில் தங்குவார்கள். விடியலில் மணலில் ஏழு படி அமைத்துக் கன்னியம்மனை வழிபடுவார்கள். காதுகுத்து, மொட்டை, கல்யாணம் எல்லாம் அலையோரத்திலேயே நடக்கும். எனக்கும் தங்கைக்கும் ஊதலும் பஞ்சுமிட்டாயும்தான் திருவிழா.

கடற்காற்றில் கைத்தராசு ஆடிக்கொண்டே இருக்கும். என்னைத் துண்டை விரித்துக் காற்றை மறைக்கச் சொல்வார் அப்பா. கூட்டம் அவசரப்படுத்தினாலும், "முள்ளு நிக்கட்டும்" என்பார்.

1973-ஆம் ஆண்டு ஓர் இருளர் பெரியவர் மகள் கல்யாணத்திற்குச் சாமான் கேட்டு வந்தார். பதினேழு ரூபாய் குறைந்தது. "அடுத்த மகத்துக்குக் குடுத்துடறேன் சாமி" என்றார். அப்பா கட்டிக் கொடுத்துவிட்டார்.

"ஊரு பேரு தெரியாது. யாரைத் தேடுவீங்க?" என்றாள் அம்மா.

"நாம தேட வேணாம். அவங்க வருவாங்க" என்றார் அப்பா. நோட்டில் 'மகம், பெரியவர், 17' என்று மட்டும் எழுதினார்.

அடுத்த ஆண்டு அவர் வரவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

1975-இல் அந்த மகள் இடுப்பில் குழந்தையுடன் வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பதினேழு ரூபாயை எண்ணி வைத்தாள். "அப்பா சூளையில முன்பணம் வாங்கிட்டாரு சாமி. கடன் தீரற வரைக்கும் வெளிய விடமாட்டாங்களாம்" என்றாள்.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு குழந்தையின் கையில் ஒரு பொரி உருண்டையைக் கொடுத்தார்.

அப்பா கொடுத்ததும் கடன். சூளைக்காரர் கொடுத்ததும் கடன். ஒன்று ஆளை நம்பி அனுப்பி வைத்தது. மற்றது ஆளையே அடகு பிடித்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. ஆயினும் 2019-இல் கூட காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர்கள் உட்பட 42 பேர் மீட்கப்பட்டார்கள்.

2019-இல் மாமல்லபுரம் செங்கல்பட்டு மாவட்டத்திற்குப் போய்விட்டது. மாசி மகமும் இருளர் கூட்டமும் அதே கரையில்தான்.

வணிகப் பெருமக்களே! சூளை ஆட்களும் அரிசி ஆலை ஆட்களும் நம் கடைக்குத்தான் அரிசி பருப்பு வாங்க வருகிறார்கள். கையில் கூலி இல்லாமல் முதலாளி கணக்கிலேயே ஒரு குடும்பம் மாதக்கணக்கில் சாமான் வாங்கினால், ஒரு வார்த்தை விசாரியுங்கள். வெளியே போக முடியாமல் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் கோட்டாட்சியருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ தெரிவியுங்கள்.

நோட்டில் வரவு எழுதுவதோடு நம் கணக்கு முடிந்துவிடுவதில்லை.