நின்ற இதயத்துக்கு ஒரு டிஸ்கோ தாளம்

சமூக மன்றத்தில் முதலுதவி வகுப்பு. தரையில் வரிசையாகப் பொம்மைகள், ஒவ்வொன்றின் அருகிலும் மண்டியிட்டபடி நாங்கள். பயிற்றுவிப்பாளர் கைப்பேசியைத் தட்டியதும் ஒலிபெருக்கியில் ஒரு பழைய ஆங்கில டிஸ்கோ பாட்டு. “என்ன தம்பி, உயிரைக் காப்பாத்தச் சொல்லித் தருவீங்கன்னு வந்தா ஆடச் சொல்றீங்களே?” என்று பக்கத்தில் இருந்த ஓர் அக்கா கேட்க, அறையே சிரித்தது.

“ஆட வேண்டாம்க்கா. இந்தத் தாளத்துக்கு நெஞ்சை அமுக்குங்க, போதும்.”

பாட்டு, பீ ஜீஸ் குழுவின் ‘ஸ்டேயிங் அலைவ்’. எனக்கு அது புதிதல்ல. எங்கள் வீட்டுக் கேசட் பெட்டியில் டிஎம்எஸ்ஸுக்கும் இளையராஜாவுக்கும் நடுவே அப்பா பத்திரமாக வைத்திருந்த ஒரே ஆங்கில கேசட் ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ படப்பாடல்கள்தான்.

1977 டிசம்பரில் வெளியான படம் அது. பெயிண்டுக் கடையில் வேலை பார்க்கும் புருக்ளின் இளைஞன், சனிக்கிழமை இரவு மட்டும் நடனத் தளத்தின் ராஜா. தொடக்கக் காட்சியில் ஜான் டிரவோல்டா பெயிண்டு டின்னை ஆட்டிக்கொண்டு தெருவில் நடக்கும் அந்த மிடுக்கு நடைக்கு ஒலிப்பது இந்தப் பாட்டு. படத்துக்கு அடிப்படை, நியூயார்க் இதழில் 1976ல் நிக் கோன் எழுதிய கட்டுரை. உண்மைச் செய்தியாக வெளிவந்த அதில் பெரும்பகுதி தன் கற்பனையே என்று அவரே 20 ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார்!

பேரி, ராபின், மோரிஸ் ஆகிய கிப் சகோதரர்கள் அப்போது பிரான்சில் ஒரு பழைய மாளிகையில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் அடுத்த ஆல்பத்துக்காக வேலை செய்துகொண்டிருந்தார்கள். தயாரிப்பாளர் ராபர்ட் ஸ்டிக்வுட் படத்துக்குப் பாடல்கள் வேண்டும் என்றார். தலைப்பில் ‘சனிக்கிழமை இரவு’ வரட்டும் என்பது அவர் விருப்பம். அந்தப் பெயரில் ஏற்கெனவே நிறையப் பாடல்கள் இருக்கின்றன என்று சகோதரர்கள் மறுத்துவிட்டார்கள். ஆடச் சொல்லும் பாட்டு என்றே பலரும் நினைக்கிறோம். வரிகளைக் கவனித்தால், பெருநகரத்தில் மிதிபட்டும் எப்படியோ பிழைத்துக் கிடக்கும் ஒருவனின் குரல் கேட்கும்.

இந்தப் பாட்டின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அதன் டிரம்ஸ். ஒலிப்பதிவின் நடுவே டிரம்ஸ் கலைஞர் டென்னிஸ் பிரையனின் தாயார் இறந்துவிட, அவர் ஊருக்குப் போய்விட்டார். அந்த வட்டாரத்தில் மாற்று ஆள் கிடைக்கவில்லை. தாள இயந்திரத்தை முயன்று பார்த்தார்கள், உயிரில்லாமல் இருந்தது. கடைசியில் ஆல்பி கலூட்டன், கார்ல் ரிச்சர்ட்சன் என்ற இரு இசைத் தயாரிப்பாளர்கள், பிரையன் ஏற்கெனவே ‘நைட் ஃபீவர்’ பாட்டுக்கு வாசித்திருந்ததில் இரண்டே ஆவர்த்தனங்களை எடுத்து, டேப்பின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினார்கள். வளையம் நீளமாக இருந்ததால் ஒலிவாங்கித் தாங்கிகளில் மாட்டி ஓடவிட்டார்கள். அதே தாளம் மறுபடி மறுபடி வந்தது. பாட்டின் மற்ற எல்லாமே அதன்மேல் கட்டப்பட்டதுதான்.

கணினியில் இன்று இரண்டு சொடுக்கில் முடிகிற வேலை இது. அன்று அதைக் கையால் செய்தார்கள். இசைத்தட்டில் டிரம்ஸ் வாசித்தவர் பெயராக ‘பெர்னார்ட் லூப்’ என்று வேடிக்கையாகப் போட்டும் வைத்தார்கள். அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்று தெரிவதற்குள் அவரைத் தங்கள் பாட்டுக்கு வாசிக்க அழைக்கப் பலர் தேடியிருக்கிறார்கள்.

1978 பிப்ரவரியில் பாட்டு அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடித்து நான்கு வாரம் நின்றது. ஆல்பம் 24 வாரம் உச்சியில் இருந்தது, கிராமி விருதும் வாங்கியது. வந்த வேகத்தில் வெறுப்பும் வந்தது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோ பேஸ்பால் திடலில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் திடலுக்குள் புகுந்ததால் அடுத்த ஆட்டமே நடக்கவில்லை. வானொலிகள் பீ ஜீஸை ஒதுக்கின. சகோதரர்கள் பிறருக்கு எழுதத் தொடங்கினார்கள். பார்பரா ஸ்ட்ரைசண்டின் ‘வுமன் இன் லவ்’ அவர்கள் எழுதியது. அதிலும் அதே இரண்டு ஆவர்த்தன வளையம் ஓடியது என்பது வேடிக்கை.

பாட்டுக்கு இரண்டாம் வாழ்க்கை மருத்துவர்களால் வந்தது. இதயம் திடீரென நின்றவருக்கு சிபிஆர் செய்யும்போது நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அமுக்க வேண்டும். பதற்றத்தில் சிலர் மெதுவாகவும் சிலர் கண்டபடி வேகமாகவும் அமுக்குவார்கள். இந்தப் பாட்டின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 103 தட்டு. டேப் வளையம் என்பதால் அது தொடக்கம் முதல் முடிவு வரை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. 2008ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் 15 மருத்துவர்களையும் மாணவர்களையும் கொண்டு சோதித்தார்கள். பாட்டைக் கேட்டபடி அமுக்கியபோது சராசரி 109. ஐந்து வாரம் கழித்து, மனத்துக்குள் மட்டும் பாடிக்கொண்டு அமுக்கியபோது 113. சிறிய ஆய்வுதான், ஆனாலும் பயிற்றுவிப்பாளர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

குவீன் குழுவின் ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’ பாட்டின் வேகமும் ஏறக்குறைய இதேதான். ஆனால் ‘இன்னொருவரும் மண்ணைக் கவ்வினார்’ என்று பாடிக்கொண்டா உயிரைக் காப்பாற்றுவது?

தாளம் மட்டும் போதாது. பெரியவர் என்றால் மார்பு எலும்பின் நடுவே ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக எழும்ப விட வேண்டும். அதற்கு முன் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 அழைப்பது முதல் வேலை. அருகில் இருப்பவரை ஏஇடி கருவி எடுத்துவர அனுப்புங்கள். எங்கள் புளோக்கின் மின்தூக்கித் தளத்தில் அந்தப் பெட்டியைத் தினமும் கடந்து போகிறேன். அது எதற்கு என்று வகுப்புக்குப் போகும் வரை நின்று பார்த்ததில்லை. யாரும் எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. இரண்டு நிமிடம் அமுக்கிப் பார்த்தபோதே எனக்கு மூச்சு வாங்கியது. ஆள் மாற்றி ஆள் செய்யுங்கள் என்று ஏன் சொல்கிறார்கள் என்பது அப்போது புரிந்தது.

மூன்று சகோதரர்களில் மோரிஸ் 2003லும் ராபின் 2012லும் காலமானார்கள்.

வகுப்பு முடிந்து கிளம்பும்போது அதே அக்கா கேட்டார்: “இங்கிலீஷ் பாட்டு எனக்கு ஞாபகம் இருக்காது தம்பி. தமிழ்ல ஒண்ணும் இல்லையா?”

“உங்களுக்குப் பிடிச்ச பாட்டை எடுத்துக்குங்கக்கா. 15 விநாடி எண்ணுங்க. 25லிருந்து 30 தட்டு விழுந்தா அது சரியான பாட்டு.”

மின்தூக்கிக்குக் காத்திருந்தபோதே அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, ஏதோ முணுமுணுத்துக்கொண்டு கைப்பையில் தட்டத் தொடங்கிவிட்டார்.