ஆடும் மெஷினும் அரைத்தலை ஸ்க்ரூவும்

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையோடு எச்.எம்.டி. பெங்களூரில் 1961-இல் வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. அது தயாரித்த ‘ஜனதா’ போன்ற கீ கொடுக்கும் வாட்சுகள் இன்றும் பல வீட்டு பீரோக்களில் இருக்கின்றன. எடுத்து கீ கொடுத்தால் ஓடும். ஆனால் காதருகே வைத்து மெல்ல அசைத்தால், சிலவற்றில் உள்ளே ஏதோ இடிக்கும் சத்தம் கேட்கும். டயல் சற்றே திரும்பி, 12 நேராக நிற்காது.

“மெஷின் போச்சு” என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். பெரும்பாலும் மெஷின் நன்றாகவே இருக்கும்; அது கேஸுக்குள் உட்கார்ந்திருக்கும் விதத்தில்தான் கோளாறு. (ஆட்டோமேட்டிக் வாட்சில் ரோட்டார் சுழலும் ஓசை இயல்பானது, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

மெஷினைக் கேஸோடு இறுக்கிப் பிடிப்பவை ஓரத்திலுள்ள ஓரிரு ஸ்க்ரூக்கள். பல வாட்சுகளில் இடைவெளியை நிரப்ப ஒரு வளையமும் உண்டு. சில ஸ்க்ரூக்களின் தலையில் ஒரு பக்கம் சீவப்பட்டிருக்கும். சீவிய பக்கம் வெளியே பார்த்தால் மெஷின் தடையின்றிக் கேஸுக்குள் இறங்கும். அரைச்சுற்று திருப்பினால் தலையின் முழுப் பக்கம் கேஸின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். எவ்வளவு எளிய, அழகான ஏற்பாடு! சர்வீஸ் செய்தவர் அந்த அரைச்சுற்றை மறந்தாலே போதும், மெஷின் ஆடத் தொடங்கிவிடும். வேறொரு கேஸில் பொருத்தி விற்கப்படும் பழைய மெஷின்களில் வளையமே அளவு பொருந்தாமல் இருப்பதும் உண்டு.

ஆட்டத்தை அப்படியே விட்டால் முதல் அடி, கீ கொடுக்கும் குமிழை மெஷினோடு இணைக்கும் ஸ்டெம்முக்கு. கீ கொடுக்கும் ஒவ்வொரு முறையும் மெஷினின் அசைவை அந்த மெல்லிய கம்பிதான் தாங்குகிறது. வளைந்து, ஒருநாள் ஒடியும். கழன்ற ஸ்க்ரூ சக்கரங்களுக்கிடையே விழுந்தால் இன்னும் மோசம். ஜனதாவின் பேலன்ஸ் வீல் மணிக்கு 18,000 முறை ஆடுவது. அதன் அச்சு முனையின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான்; ஸ்க்ரூ மோதினால் அது தாங்காது.

சரிசெய்யும் முறை பொறுமையைக் கேட்கும். பின்மூடியைத் திறந்து, ஐகிளாஸ் வழியே ஸ்க்ரூக்கள் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். தளர்ந்திருந்தால் தலைக்காடிக்குச் சரியான அகலமுள்ள திருப்புளியால் இறுக்கலாம். காந்தமேறிய திருப்புளி கூடாது. பேலன்ஸ் வீலோடு இணைந்த ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் காந்தமேறி ஒட்டிக்கொண்டால் வாட்ச் தாறுமாறாக வேகமெடுக்கும். மரை தேய்ந்திருந்தாலோ வளையம் உடைந்திருந்தாலோ அதே மாடலின் உதிரிபாகத்தைத் தேடிப் போடுவதே முறை. மெஷினை வெளியே எடுக்க வேண்டியிருந்தால், மெயின்ஸ்பிரிங்கின் முறுக்கை முதலில் மெதுவாகத் தளர்த்திவிட வேண்டும்.

காகிதத்தை மடித்துச் செருகுவதும், உடனடிப் பசையால் ஒட்டுவதும் பெருந்தவறு. காகிதத் தூசி எண்ணெயில் கலக்கும். பசையின் ஆவி நுண்பாகங்களில் வெள்ளைப் படலமாகப் படியும்.

எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்துவிட்டது. புது உதிரிபாகம் கிடைப்பது அரிது. எனவே சத்தம் கேட்டதுமே கீ கொடுப்பதை நிறுத்துங்கள். மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது, “முதலில் கேஸ் ஸ்க்ரூவைப் பாருங்கள்” என்று சொல்லுங்கள்.