மொட்டை மாடிக்குக் கொஞ்சம் இருட்டு வேண்டும்

ஓசூரில் சிப்காட் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒன்று தெரியும்: அங்கே இரவு முழுசாக வருவதில்லை. ஆலை மதில் மேல் விடிய விடிய எரியும் விளக்குகள், தேசிய நெடுஞ்சாலை 44-இல் வரிசை கட்டும் லாரிகள், சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் வடமேற்கு வானத்தை வெளுக்கவைக்கும் பெங்களூரு. ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் ஒரு வேட்டியைக் கட்டிப் பிள்ளைகளுக்குப் படம் போட நினைக்கும் குடும்பத்துக்கு புரொஜக்டர் சுலபமாகக் கிடைத்துவிடும். கிடைக்காதது இருட்டு.

இருட்டு எதற்கு? புரொஜக்டரால் வெள்ளையை வீச முடியும், சிவப்பை வீச முடியும். கறுப்பை வீச முடியாது. திரையில் கதாநாயகியின் கூந்தல் கறுப்பாகத் தெரிகிறதே என்றால், அந்த இடத்தில் ஒளி விழவில்லை, அவ்வளவுதான். அங்கே இருப்பது வெறும் வெள்ளைத் துணி. சுற்றிலும் ஒளி விழுந்திருப்பதால் ஒளி விழாத இடத்தைக் கண் கறுப்பென்று எடுத்துக்கொள்கிறது. பக்கத்து வீட்டு பல்பு அந்தத் துணியில் பட்டால் கூந்தல் நரைத்துவிடும்.

ஒரு பரப்பில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். பௌர்ணமி நிலவு அரை லக்ஸுக்கும் குறைவு. வீட்டுக்கு வாங்கும் சிறிய புரொஜக்டர் உண்மையில் 200 லூமென் ஒளி தருகிறது என்று வைத்துக்கொள்வோம்; லூமென் என்பது அது வீசும் மொத்த ஒளியின் அலகு. (அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், தர முறைப்படி அளந்த ஆன்சி லூமென் எவ்வளவு என்று கேளுங்கள்.) அந்த ஒளி 100 அங்குலப் படமாக, அதாவது ஏறத்தாழ 2.75 சதுர மீட்டரில் பரவினால், திரையில் விழுவது 70 லக்ஸ் சொச்சம். படத்தின் அகலத்தை இரட்டிப்பாக்கினால் பரப்பு நான்கு மடங்காகும். வெளிச்சம் கால்வாசியாகச் சுருங்கும். பெரிய படத்துக்கு ஆசைப்பட்டு மங்கலான படம் பார்ப்பவர்கள் அதிகம்.

திரைக்கு எட்டு முழ வேட்டி நன்றாகவே பொருந்தும். அதன் அகலம் சுமார் 1.27 மீட்டர், 100 அங்குலப் படத்தின் உயரம் 1.25 மீட்டர். பளபளப்பில்லாத பருத்தி நூல் தன்மேல் விழும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் ஓரத்துப் பாயில் இருப்பவருக்கும் படம் ஒரே மாதிரி தெரியும். பட்டோ சாட்டினோ ஒளியை ஒரு பக்கமாகத் திருப்பிவிடும்; நடுவில் பளீரென்று ஒரு வட்டம் விழும். மெல்லிய வேட்டியில் ஒளியின் ஒரு பகுதி பின்புறம் கசிந்துபோகும் என்பதால் இரண்டு வேட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டுவது நல்லது.

துணியைக் கட்டும்போது காற்றையும் நினைத்துக்கொள்ள வேண்டும். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகக் காற்று இந்த அளவுத் திரையை ஏறத்தாழ 4 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். வேகம் இரட்டித்தால் விசை 16 கிலோவாகும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. பாய்மரக் கப்பலை ஓட்டியதும் இதே கணக்குதான். மேலே மட்டும் கட்டாமல் நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டுங்கள்.

இந்தத் துணித் திரைக்குத் தமிழ்நாட்டில் நூறாண்டு தாண்டிய பாரம்பரியம் உண்டு. 1905-இல், தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக இருந்த கோவை சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரையும் சில மௌனப் படங்களையும் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். அதற்குப் பிறகும் டூரிங் டாக்கீஸ்களில் இருட்டிய பிறகுதான் படம். மணலைக் குவித்து உட்கார்ந்தவர்களின் தலைக்கு மேலே போன ஒளிக்கற்றை பீடிப் புகையில் சிதறி, தூண் மாதிரி தெரிந்தது. மாடியில் பீடிப் புகை இல்லாவிட்டாலும் ஓசூர்ச் சாலைத் தூசி அந்த வேலையைச் செய்துவிடும்.

நம் ஊரில் இருட்டு சீக்கிரம் வரும். 12 பாகைக்குச் சற்று மேலான அட்சரேகையில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. அடிவானத்துக்குக் கீழே 6 பாகை போக 25 நிமிடம்கூட ஆகாது. லண்டன் கோடையில் இதற்கே முக்கால் மணி நேரம் பிடிக்கும். சூரியன் மறைந்து 40 நிமிடத்தில் வானத்தின் பங்கு ஒரு லக்ஸுக்கும் கீழே போய்விடும். ஆக, எந்த மாதமானாலும் ஏழரை மணிக்குப் படத்தைத் தொடங்கலாம்.

எப்போது முடிப்பது? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. காரணம் இயற்பியலிலும் இருக்கிறது. பகலில் தரை சூடு. ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். தெளிந்த இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்று மேலே உள்ளதைவிடக் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போவதால் அதன் பாதை கீழ்நோக்கி வளையும். பகலில் கேட்காத நெடுஞ்சாலை ஹார்ன் இரவில் படுக்கைக்கே வருவது இதனால்தான். உங்கள் மாடியின் சண்டைக்காட்சியும் அப்படியே மூன்றாவது தெருவுக்குப் போகும். ஒலிபெருக்கியைத் திரைக்கு அடியில் வைக்காமல் பாய்களுக்குப் பக்கத்தில் வைத்தால் பாதித் தூரத்துக்கு 6 டெசிபல் லாபம். குறைந்த சத்தமே போதும். ஏழரையிலிருந்து பத்து வரை இரண்டரை மணி நேரம்: ஒரு தமிழ்ப் படத்துக்குச் சரியான அளவு.

இனி மிச்சமிருப்பது அந்தப் பக்கத்து வீட்டு பல்பு. அது திரையில் 5 லக்ஸ் போட்டால், படத்தின் வெள்ளை அதன் கறுப்பைவிட 15 மடங்குதான் வெளிச்சமாக இருக்கும். அணைத்து அரை லக்ஸுக்குக் கொண்டுவந்தால் 140 மடங்கைத் தாண்டும். இதே வித்தியாசத்தை பல்பு எரியும்போது பெற வேண்டுமானால், பத்து மடங்கு ஒளி தரும் புரொஜக்டர் வேண்டும். அதற்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருக்கும். அணைக்கச் சொல்லிக் கேட்பதைவிட அவர்களையும் படத்துக்குக் கூப்பிடுவது எளிது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஊரில் எந்த மொழிப் படம் என்று கொஞ்சம் பேச்சு வரும். ஆனால் மாடிக்கு வருகிறவர்கள் வீட்டு விளக்கை அணைத்துவிட்டுத்தான் வருவார்கள்.