வானூர்தியும் அழுகைக் கோச்சியும்

புட்பக விமானத்தில் சீதையைக் கொணர்ந்த இராவணன் அவளை எல்லக் குகையில் மறைத்து வைத்தான் என்பது எங்கள் ஊவா நாட்டுச் செவிவழிக் கதை. அச்சீதையின் பெயர் பிற்காலத்தில் மெய்யான விமானம் ஒன்றுக்கும் வாய்த்தது. எயார் சிலோன் முதற்கண் பெற்ற மூன்று டக்கோட்டா விமானங்களும் சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்ராதேவி எனப் பெயர் பூண்டன.

1947 டிசெம்பர் 10ஆம் நாள் இரத்மலானையில் எழுந்த எயார் சிலோன் விமானம் காங்கேசன்துறையில் இறங்கிச் சென்னை சேர்ந்தது. பின்னர் அந்நிறுவனம் ஆஸ்திரேலிய, டச்சு, பிரித்தானிய நிறுவனங்களின் துணையோடு கடல் கடந்தது. 1964இல் அவ்ரோ விமானமும் பெற்றது. 1978 செப்டெம்பர் 7இல் இரத்மலானையில் நின்ற அவ்ரோ ஒன்று குண்டுவெடிப்பில் அழிந்தது. முன்னரே தளர்ந்திருந்த நிறுவனம் அவ்வாண்டோடு முடிய, 1979இல் எயார் லங்கா தோன்றிற்று.

இவ்வரலாற்றுள் தோட்டத்து மக்களுக்கு இடம் யாது? முதல் விமானம் பறந்து ஓராண்டு நிறையுமுன்னரே, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964 ஒக்டோபர் 30இல் எழுந்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமோ ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவின் பங்கென எண்ணி வைத்தது.

யான் எட்டு வயதுச் சிறுவனாயிருந்தபோது என் அத்தை குடும்பமும் அவ்வெண்ணிக்கையுள் அடங்கிற்று. கிளாக்கர் ஐயா வீட்டுச் சுவரில் விமானப் படம் கண்டிருந்த யான், "ஏரோப்பிளேன்ல போகலாமே, மாமா?" என்றேன். தகரப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த மாமா நிமிராமலே, "அது தொரைமாருக்கு, தம்பி. நமக்குக் கோச்சிதான்" என்றார்.

மலையக மக்கள் அப்புகைவண்டிக்கு இட்ட பெயர் 'அழுகைக் கோச்சி'. பதுளை நிலையத்தில் அன்று எழுந்த ஓலத்தைக் கேட்டவர் அப்பெயருக்கு வேறு உரை வேண்டார். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய அத்தையை யான் மீண்டும் கண்டிலேன்.

வானூர்திகளின் பெயரும் அவை பறந்த நாளும் ஏட்டில் உள. கோச்சி ஏறியோர் பெயர்களோ பெரும்பாலும் முதியோர் நெஞ்சிலேயே உள. அந்நெஞ்சங்களும் ஒவ்வொன்றாய் அவிந்து வருகின்றன. மாணாக்கர்களே, இன்றே உங்கள் பாட்டியின் அருகமர்ந்து, யார் யார் எந்நாளில் சென்றனர் எனக் கேட்டு எழுதி வைம்மின். நிறுவனம் மறைந்தாலும் அதன் வரலாற்றை எழுத ஒருவர் வருவர். நம் அத்தைமாரின் வரலாற்றை நாமன்றி யார் எழுதுவார்?