அழையா விருந்தாளிகள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

அழைக்காத வீட்டுக்குப் போகக்கூடாது என்பது எங்கள் ஊரில் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் முதற்பாடங்களுள் ஒன்று. கலியாணமானாலும் காதுகுத்தானாலும், வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் பந்தியில் அமர்வோம். ஆனால், செய்தி சேகரிக்கப் புறப்பட்டவனுக்கும் இந்தப் பாடம் பொருந்துமா? ஒரு நிறுவனம் தனக்கு வேண்டியவர்களை மட்டும் அழைத்துத் தன் புதுச் சரக்கைக் காட்டும்போது, அழைக்கப்படாதவன் பின்வாசல் வழியே புகுந்து பார்த்து உலகுக்குச் சொல்வது துணிச்சலா, திருட்டா? இக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்வதற்கு எனக்கு உரிமை உண்டா என்பதைப் படிப்பவர்களே முடிவு செய்யட்டும். ஏனென்றால், நானும் ஒரு முறை அந்தப் பின்வாசலைத் திறந்துவிட்டவன்.

ராட்டினப் பித்து

திண்டிவனத்தை அடுத்த ஒரு சிற்றூர் எங்களுடையது. மாசி மாதம் மேல்மலையனூர்த் தேர் என்றால் சிறுவர்களாகிய எங்களுக்கு அங்காளம்மனைவிட ராட்டினமே பெரிது. கொலம்பஸ், மரணக் கிணறு, ஆளுயரத் தூக்கிச் சுழற்றும் பெரிய ராட்டினம் என்று கையிலிருக்கும் காசெல்லாம் அங்கேயே கரையும். என் பள்ளித் தோழன் ஒருவனுக்கு இந்தப் பித்து வளர்ந்தபிறகும் தீரவில்லை. விழுப்புரத்தில் பொருட்காட்சி என்றாலும் புதுச்சேரியில் பொருட்காட்சி என்றாலும் கைப்பேசியும் கையுமாகப் போய்விடுவான். ராட்டினங்களுக்கென்றே யூடியூபில் ஒரு சானல் நடத்துகிறான். சம்பளம் தருபவர் யாருமில்லை. ஆசைதான் அவனுக்கு முதலாளி. இத்தகையோரை 'ரசிக நிருபர்' என்று அழைக்கலாம்.

சென்ற ஆண்டு ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் (பெயர் இங்கே வேண்டாம்) புதிய தொடர்வண்டி ராட்டினம் ஒன்று திறக்கவிருந்தது. திறப்புக்கு முந்திய முன்னோட்ட நாளுக்குச் சில பத்திரிகைகளும் பெரிய சானல்களும் அழைக்கப்பட்டன. இவனுக்கு அழைப்பில்லை. பூங்காவின் உணவகத்தில் ஒப்பந்தக்காரரின் கீழ் என் பெரியப்பா மகன் வேலை பார்த்து வந்தார். ஒப்பந்தத் தொழிலாளர்களின் அடையாள வில்லையில் புகைப்படம் கிடையாது, எண் மட்டும்தான். அண்ணனுக்கு வார விடுமுறையாயிருந்த நாளில் அந்த வில்லையைக் கேட்டு வாங்கிக் கொடுத்தவன் நான். தோழன் உள்ளே போனான். நான் எதிரேயிருந்த டீக்கடையில் காத்திருந்தேன்.

1955இல் ஓர் ஏணி

இப்படிப் புகுந்தவர்கள் நாங்கள் முதல்வர்கள் அல்லர். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் அனாஹைம் நகரில் வால்ட் டிஸ்னி கட்டிய டிஸ்னிலாந்து, 1955 ஜூலை 17 அன்று பத்திரிகையாளர்களுக்கும் விருந்தினர்களுக்கும் முன்னோட்டமாகத் திறந்து காட்டப்பட்டது. அழைப்பில் அடங்காத கூட்டம் வந்தது. போலிச் சீட்டுகள் ஏராளமாகப் புழங்கின. வேலியில் ஏணி ஒன்றைச் சாத்தி, தலைக்கு ஐந்து டாலர் வாங்கிக்கொண்டு ஆட்களை உள்ளே இறக்கினான் ஒருவன்! சுமார் 28 ஆயிரம் பேர் உள்ளே இருந்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் அழையா விருந்தாளிகள். வெயிலில் புதுத்தார் இளகிப் பெண்களின் குதிகால் செருப்புகள் புதைந்தன. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் பல இயங்கவில்லை. உணவும் தீர்ந்தது.

இதே நாளில் ஏபிசி தொலைக்காட்சி இவ்விழாவை நாடு முழுவதும் நேரடியாக ஒளிபரப்பியது. பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்டு ரீகன் தொகுப்பாளர்களுள் ஒருவர். அந்தத் தொலைக்காட்சி நிறுவனமே பூங்காவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு முதல் போட்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அழையாமல் வந்தவர் செய்தது தவறுதான். ஆனால் அழைக்கப்பட்டு, பங்கும் வைத்துக்கொண்டு, பாராட்டியே பேசியவர் செய்தது மட்டும் சரியாகுமா?

அழைப்பு என்னும் கடிவாளம்

அழைப்பைக் கொடுக்கும் கைக்கு அதைப் பறிக்கவும் தெரியும். 2017இல் 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' நாளிதழ், டிஸ்னி நிறுவனத்துக்கும் அனாஹைம் நகராட்சிக்கும் இடையிலுள்ள பண உறவுகளைப் பற்றித் துருவி எழுதியது. சினம்கொண்ட நிறுவனம், தன் திரைப்படங்களின் முன்னோட்டக் காட்சிகளுக்கு அந்நாளிதழின் விமரிசகர்களை வரவிடாமல் தடுத்தது. பூங்காவைப் பற்றிய செய்திக்குப் படத்தில் தண்டனை! அப்போது விமரிசகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? யாரும் மாறுவேடம் போட்டு உள்ளே நுழையவில்லை. படம் பொதுமக்களுக்குத் திறக்கும்போது பார்த்து எழுதுவோம் என்று அந்நாளிதழ் வெளிப்படையாக அறிவித்தது. லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க், பாஸ்டன் விமரிசகர் சங்கங்களும் தேசிய விமரிசகர் சங்கமும், தடை நீங்கும்வரை டிஸ்னி படங்களைத் தங்கள் விருதுக்கு எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று ஒருங்கே கூறின. நவம்பர் 7ஆம் தேதி தடை நீங்கியது. பின்வாசலில் நுழையாமலே தலைவாசலைத் திறக்க வைத்த நிகழ்ச்சி இது.

நம் தமிழ்நாட்டில் இந்த வழக்கு திரையரங்க வாசலில் நடக்கிறது. 2024இல் சில பெரிய படங்கள் வெளிவந்த முதல் நாளிலேயே கடுமையான விமரிசனங்களைச் சந்தித்தன. அந்த நவம்பரில், திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப்காரர்கள் நின்று ரசிகர்களிடம் கருத்துக் கேட்பதை அனுமதிக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர் சங்கம் ஒன்று திரையரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. முதல் மூன்று நாட்களுக்கு இணைய விமரிசனத்துக்கே தடை வேண்டும் என்று உயர் நீதிமன்றமும் சென்றது. 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. விமரிசனம் கருத்துரிமையில் அடங்கும் என்பது நீதிமன்றத்தின் கருத்து. ஆனால் விமரிசிப்பது வேறு, களவாகப் படம் பிடிப்பது வேறு. 2023ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத் திருத்தம், அரங்கில் அனுமதியின்றிப் படத்தைப் பதிவு செய்வோருக்கு மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும் மூன்று லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க வழி செய்கிறது. நாவுக்கு உரிமையும் கைக்குக் கட்டுப்பாடும் என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம்.

பாதியில் நின்ற வண்டி

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். உள்ளே சென்ற தோழன் கண்டது ஆட்களில்லாத ராட்டின வண்டி. இருக்கைகளில் தண்ணீர் நிரப்பிய பொம்மைகள் கட்டப்பட்டிருந்தன. வண்டி உயரே ஏறியது, பாய்ந்து இறங்கியது, பாதி வழியில் சட்டென்று நின்றது. அவ்வளவுதான்! 'புது ராட்டினம் பாதியில் நின்றது. மக்கள் உயிருக்கு ஆபத்தா?' என்ற தலைப்பில் அன்றிரவே வீடியோ வெளியாயிற்று. அவன் சானலில் அதுவரை காணாத கூட்டம் அதைப் பார்த்தது. நானும் பெருமையோடு நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

பிறகுதான், இயற்பியல் மாணவனாகிய நான் வெட்கப்படும்படி, உண்மை விளங்கிற்று. நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் வண்டி, உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், வினாடிக்கு 28 மீட்டர் வேகம் பெறும். மணிக்கு நூறு கிலோமீட்டர்! ஒரே பாதையில் இரண்டு வண்டிகள் ஓடும்போது மோதாதிருக்கப் பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். முன்வண்டி ஒரு பகுதியை விட்டு நீங்கியதை உணர்கருவி அறிவித்தால்தான் பின்வண்டி அதற்குள் நுழையலாம். இல்லையேல் பிரேக் தானே பிடித்து நிறுத்திவிடும். நம் ரயில்வே கைகாட்டியின் தத்துவமே இது. அந்த பிரேக் வேலை செய்கிறதா என்று பார்க்க, சோதனை நாட்களில் வேண்டுமென்றே வண்டியைப் பாதியில் நிறுத்துவார்கள். எங்கள் வீடியோ அத்தகைய சோதனையைத்தான் விபத்தாகக் காட்டியது. கண்டது மெய், சொன்னது பொய். ஒளிந்து பார்ப்பவன் யாரிடமும் விளக்கம் கேட்க முடியாது. இதுவே களவுச் செய்தியின் முதற்குறை.

சோதனை நாள் விளையாட்டு நாளன்று என்பதற்குச் சான்றும் உண்டு. 'மை டியர் குட்டிச்சாத்தான்' (1984) என்ற முப்பரிமாணப் படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன், தாம்பரத்தை அடுத்து நிறுவிய கிஷ்கிந்தா பூங்காவை நம்மில் பலர் அறிவோம். 2016 மே மாதத்தில் அங்கே ஒரு ராட்டினத்தை ஊழியர்களை ஏற்றிச் சோதித்துப் பார்த்தபோது அது சரிந்தது. ஊழியர் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். பூங்காக்களின் பாதுகாப்பைப் பொதுமக்கள் கேள்வி கேட்க வேண்டும் என்பதற்கும், சோதனை நாளில் அந்நியன் உள்ளே திரியக்கூடாது என்பதற்கும் இந்த ஒரே நிகழ்ச்சி சான்றாகிறது.

விலை கொடுத்தவர் யார்?

வீடியோவில் ஓரிடத்தில் கண்ணாடிக் கதவு ஒன்று வந்தது. அதில் தோழனின் உருவமும், மார்பில் தொங்கிய வில்லையின் எண்ணும் தெரிந்தன. மூன்றாம் நாள் அண்ணனுக்கு வேலை போயிற்று. பதினேழு நாள் கூலி பாக்கியை ஒப்பந்தக்காரர் தரவில்லை. பூங்காவுக்கு ஒரு நட்டமுமில்லை. ராட்டினம் குறித்த நாளில் திறந்தது. தோழனுக்கும் நட்டமில்லை, வீடியோவை நீக்கினானே தவிர, சானலுக்கு வந்த புதிய ரசிகர்கள் நீங்கவில்லை. நட்டப்பட்டவர் அந்த ராட்டினத்தில் ஒரு நாளும் ஏறியிராத ஒருவர். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவனே. என் தேர்வுக் கட்டணமும் பஸ் செலவும் அவர் அனுப்பிய பணத்தில்தான் நடந்தன.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "நீ படிக்கிறவன்டா. நீ கேட்டா அது சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார். அவ்வளவே. அன்று முதல் இந்தச் சொற்கள் என் பாடப் புத்தகங்களுக்கிடையே கிடக்கின்றன.

எப்போது நுழையலாம்?

அப்படியானால் ஒளிந்து புகுவது எப்போதுமே குற்றமா? அன்று. 1887இல் நெல்லி பிளை என்ற அமெரிக்கப் பெண் நிருபர், மனநோயாளிபோல் நடித்து நியூயார்க்கின் மனநோயாளர் விடுதியில் பத்து நாள் தங்கி, அங்கு நடந்த கொடுமைகளை உலகறியச் செய்தார். வள்ளுவரும் கள்ளாமையைப் பாடியவர்தாம். அவரே ஒற்றாடலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஆனால் அது நாட்டைக் காக்கும் கடமைக்கு. வேடிக்கை பார்க்கும் ஆசைக்கன்று.

என் சிற்றறிவுக்கு எட்டியவரை மூன்று கேள்விகள் போதும். வெளிப்பட வேண்டிய தீங்கு ஒன்று உள்ளே உண்டா? அதை அறிய நேர்வழி ஏதுமில்லையா? நுழைவதால் வரும் தண்டனையை நுழைபவனே ஏற்பானா, அல்லது காவலாளியும் சமையல் ஆளும் ஏற்பார்களா? நெல்லி பிளை மூன்றிலும் தேறுவார். நாங்கள் ஒன்றிலும் தேறவில்லை. ராட்டினத்தின் பாதுகாப்பில் எங்களுக்கு உண்மையாகவே ஐயமிருந்திருந்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் அனுமதி அளித்த அரசு அலுவலகத்தைக் கேட்டிருக்கலாம். ராட்டினத்தின் சுகத்தைச் சொல்வதே நோக்கமென்றால், திறந்த மறுநாள் சீட்டு வாங்கி ஏறியிருக்கலாம்.

அழைக்கப்பட்டவர்களுக்கும் ஒரு சொல். இலவசச் சீட்டும் விருந்தும் பரிசும் பெற்றுப் புகழ்பவர், பெற்றதைச் சொல்லிவிட்டுப் புகழ வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட நெறிமுறையும் இதையே வலியுறுத்துகிறது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை பத்து லட்சம், மீண்டும் செய்தால் ஐம்பது லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பின்வாசலில் புகுந்தவன் நிறுவனத்தை ஏமாற்றுகிறான். விருந்துண்டதை மறைப்பவனோ வாசகனை ஏமாற்றுகிறான். இரண்டாவதே பெரிய ஏமாற்று என்பேன்.

முடிவுரை

சென்ற கோடையில் நானும் தோழனும் திண்டிவனத்தில் தர்ப்பூசணி லாரிகளுக்குச் சுமை ஏற்றி, அந்தப் பதினேழு நாள் கூலியைச் சேர்த்து அண்ணனிடம் கொடுத்தோம். வாங்க மறுத்தார், அம்மா சொன்னபின் வாங்கிக்கொண்டார். இப்போது விழுப்புரத்தில் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்க்கிறார். போன வேலை திரும்பவில்லை.

மாணவ நண்பர்களே! இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஓர் அச்சகமும் ஓர் ஒளிபரப்பு நிலையமும் இருக்கின்றன. படித்தவன் கேட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி அடையாள வில்லையைக் கழற்றிக் கொடுப்பவர்கள் நம் வீடுகளிலெல்லாம் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைச் செலவழித்துச் செய்தி வாங்காதிருப்போம். வாசல் திறக்கும்வரை வரிசையில் நிற்போம். சீட்டு வாங்கி நுழைவோம். கண்டதை அஞ்சாமல் சொல்வோம்.